வளையத்துக்குக் கீழே நின்றவள்

அக்கா யாரிடமும் ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை. விடுதியில் காய்ச்சலாகப் படுத்திருந்த நாட்களில்கூட, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்ப் பானையில் மொண்டு குடித்துவிட்டு, மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து படுப்பாள். பக்கத்துப் பாயில் நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அக்கா" என்றால், "நானே பாத்துக்கறேன், நீ படு" என்பாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்ட அளவுக்கு வேறெதையும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்னால் நடந்தது இது. சேலத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் நடத்திய ஒரு பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். என் வீடு அதே ஊரில் செவ்வாய்ப்பேட்டையில்தான். அப்பா ஒரு மளிகை மண்டியில் வேலை பார்த்தார். மிளகாய் நெடி இல்லாத சட்டையை அவர் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் பயிற்சிக்கு வருகிறவர்கள் விடுதியில்தான் தங்கவேண்டும் என்பது பள்ளியின் சட்டம். விடுதியில் இருந்தவர்களில் பாதிப்பேர் சிறு வயதிலேயே புருஷனை இழந்தவர்கள். சிலர் புருஷன் வேண்டாமென்று அனுப்பிவிட்டவர்கள். சிலர் மிஷனிலேயே வளர்ந்த அநாதைகள்.

அக்கா முதல் வகை. நாமகிரிப்பேட்டைக்கு அப்பால், மலையடிவாரத்தில் மஞ்சள் போடுகிற குடியானவர் வீட்டுப் பெண். நல்ல உயரம். வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் முற்றத்தைக் கடந்தால், வேலையாக இருப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளைவிட மூத்தவர்கள் விடுதியில் இருந்தார்கள். அவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எப்படி அந்தப் பழக்கம் வந்ததென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காருவோம்; முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் இருப்பவள் தலை வாரிவிடுவாள். பேச்சும் சிரிப்பும் அப்போதுதான். அக்கா அந்த வரிசைக்கு வரமாட்டாள். எங்களுக்கு எதிரே உட்கார்ந்து தன் தலையைத் தானே வாரிக்கொள்வாள். பின்னங்கழுத்தில் சிக்கு விழுந்தால், கையைப் பின்னால் வளைத்து அந்த ஒரு சிக்கோடு மல்லுக்கட்டுவாள். "வாங்க அக்கா, நான் எடுத்துவிடுகிறேன்" என்று ஒருத்தி எழுந்தால், அதற்குள் சீப்பால் வெடுக்கென்று இழுத்து முடியோடு பிய்த்துவிடுவாள்.

ஒருமுறை சமையல் முறை அவளுடையதாக இருந்தது. கூழ் அண்டாவை இறக்கும்போது கொதிக்கிற கூழ் அவள் இடது கையில் கொட்டிவிட்டது. அந்த அண்டாவை இரண்டு பேர் சேர்ந்து இறக்கவேண்டும். அவள் தனியாக இறக்கினாள். நான் ஓடிப்போவதற்குள் கையைத் தொட்டித் தண்ணீரில் முக்கிவிட்டு, பழந்துணியைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்று பார்த்தேன். அந்த முடிச்சு மூன்று தரம் அவிழ்ந்தது. என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன.

இப்படிப்பட்டவள் ஆறு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தில் எப்படிச் சேர்ந்தாள் என்று கேட்கலாம்.

கூடைப்பந்து என்று இப்போது சொல்கிறார்கள். நாங்கள் பாஸ்கட்பால் என்போம். மைதானத்தின் இரண்டு கோடியிலும் மரக்கம்பம் நட்டு, பலகை அடித்து, அதில் வெறும் இரும்பு வளையம் மாட்டியிருந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் பெண்களுக்கென்று இருந்த விதிப்படி ஆடினோம். கட்சிக்கு ஆறு பேர். நடுவில் சுண்ணாம்புக் கோடு. பந்து போடுகிற மூன்று பேர் ஒரு பக்கம், தடுக்கிற மூன்று பேர் மறுபக்கம். கோட்டை யாரும் தாண்டக்கூடாது. அக்கா பந்து போடுகிறவள். மற்றவர்கள் "எனக்கு, எனக்கு" என்று கையைத் தட்டிப் பந்து கேட்பார்கள். அவள் கேட்கவே மாட்டாள். பந்து எங்கே வந்து விழும் என்று பார்த்து அங்கே போய் நிற்பாள். ஓடிக்கொண்டே எடுத்து, ஓடிக்கொண்டே போடுவாள். வளையத்தின் இரும்பில்கூடப் படாமல் பந்து இறங்கும். எங்கள் பள்ளி ஈரோட்டையும் திருச்சியையும் ஜெயித்ததெல்லாம் அவளால்தான்.

அப்படி ஒரு மாலைப் பயிற்சியில், பந்துக்கு எம்பிக் குதித்தவள் வேப்பமரத்து வேரின்மேல் இறங்கினாள். காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மூத்த பெண்கள் தூக்க ஓடினார்கள். "தொடாதீங்க" என்றாள். சற்று நேரம் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தானே நடந்து அறைக்குப் போனாள். மறுநாள் காலையில் அவள் வலது முழங்கால் இளநீர்க்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் காலை அசைக்காமல் இருந்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டாள்.

அழைத்துப்போக அவளுடைய அண்ணன் வந்தார். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு ஏறிய கைகள். ஆள் பெரிய உருவம், குரல் மட்டும் சின்னது. ஜட்கா வண்டி வாசலில் நின்றது. தங்கையைக் குழந்தை மாதிரி தூக்கி வைக்க அவர் குனிந்து கையை நீட்டினார்.

"உடுங்கண்ணா. நானே ஏறிக்கறேன்."

வண்டியின் பின்பலகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து உள்ளே போனாள். உதடு வெளுத்துப்போயிற்று. அண்ணன் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றார். பிறகு பெட்டியை வாங்க என்னிடம் வந்தவர், அவள் காதில் விழாமல் சொன்னார்: "இப்படித்தானுங்க அம்மிணி இவ. என்ன பண்றதுன்னு எங்களுக்கே தெரியமாட்டீங்குது. இவளைக் கட்டுன அந்தப் பையன் செத்தப்ப இவளுக்குப் பத்து வயசோ என்னமோ. கூட்டிட்டு வரலாம்னு நாங்க வண்டி கட்டிட்டுப் பொறப்படறோம், பாதி வழியில இவ எதுக்கால நடந்து வாரா. தனியா. தலைல துணி மூட்டை. வண்டில ஏறு சாமின்னா ஏறமாட்டேன்னுட்டா. நாங்க வண்டிய ஓட்டிட்டு இவ பின்னாலயே வந்தோமுங்க, ஊடு வரைக்கும்."

அவர் சொன்னதை அக்காவிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னது ஒன்றே ஒன்று. "அண்ணன் ஊட்டுல ஒரு வாய் சோறு திங்கறதுக்கு முந்தி ரண்டு கொடம் தண்ணி தூக்கிருவேன். அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அண்ணி தங்கமானவங்க. ஆனா எனக்கு எறங்காது."

அவள் போன பிறகு எங்கள் கட்சி கலைந்துவிட்டது. மூத்தவர்கள் பயிற்சி முடிந்து ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு டிரிலும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்த ஆங்கிலோ-இந்தியப் பெண் கல்யாணம் செய்துகொண்டு வடக்கே போனாள். மிச்சம் நான் ஒருத்திதான். புதிதாக வந்த நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டேன். அவர்களில் சின்னவள் ரோசம்மா, மிஷனில் வளர்ந்தவள், கோழிக்குஞ்சு மாதிரி காலுக்கு நடுவே புகுந்து ஓடுவாள். ஆறாவதாகச் சமையற்கட்டிலிருந்து யாராவது ஒருத்தியைக் கெஞ்சிக் கூட்டிவருவோம். போன இடமெல்லாம் தோற்றோம். எங்களில் யாருக்கும் தூரத்திலிருந்து பந்து போட வராது. அதனால் சின்னச் சின்னதாகக் கைமாற்றி, வளையத்துக்கு அடியிலேயே கொண்டுபோய்ப் போடப் பழகினோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தோல்வி சுருங்கியது. ஜெயிக்கவில்லை.

"அக்கா வந்துட்டா ஜெயிச்சிருவோமில்ல?" என்று ரோசம்மா தினமும் கேட்பாள். அவள் அக்காவைப் பார்த்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியை மேற்பார்க்கும் பெரியவர்களிடம் புகார் போனது. வயசுக்கு வந்த பெண்களும் தாலி அறுத்தவர்களும் மைதானத்தில் குதிப்பதைச் சுவருக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள், இது நல்லதற்கில்லை என்று. டிரில் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, கம்பத்தைப் பிடுங்கிவிட்டுக் காய்கறி போடலாம் என்று பேச்சு வந்தது. எங்கள் தலைமையாசிரியை, நாங்கள் மிஸ்ஸியம்மா என்று கூப்பிடுவோம், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எங்களில் ஒருத்தியை மதராஸுக்கு அனுப்பி, டிரில் டீச்சர் படிப்பு படிக்கவைத்து, திரும்பி வந்ததும் இங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்வது. பள்ளிக்கே சொந்தமாக ஒரு டீச்சர் இருந்தால் ஆட்டத்தை யாரும் நிறுத்தமுடியாது. அந்த ஒருத்தி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அக்காவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மாரிக்காலம் முடிந்து அவள் வந்தாள். மோட்டார் பஸ்ஸிலிருந்து இறங்கி, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பள்ளி வரைக்கும் நடந்தே வந்திருந்தாள். வாசலில் நாங்கள் எல்லாரும் கூடிவிட்டோம். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவள் காலில்தான்.

"நல்லாயிருச்சுங்களா அக்கா?"

"ஆயிருச்சு. வைத்தியரு உளுத்தமாவும் முட்டையும் போட்டு மூங்கப்பத்தை வெச்சுக் கட்டுனாரு. கல்லு மாதிரி சேந்துக்கிச்சு."

ரோசம்மா பெட்டியை இறக்கக் கையைத் தூக்கினாள். அவளுக்குத் தெரியாது. அக்கா ஒதுங்கிப் போய்த் தானே இறக்கினாள்.

அன்று மாலையே பந்தை எடுத்தாள். நின்ற இடத்திலிருந்து போட்டாள். ஒன்றும் தவறவில்லை. சின்னப் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாள் போனபின் கவனித்தேன். பந்து அவளைவிட்டு ஓரடி தள்ளி விழுந்தால் அவள் போவதில்லை. கவனிக்காதவள் மாதிரி வேறு பக்கம் பார்த்தாள். ஒருநாள் விடிகாலையில் குளியலறைக்குப் போனபோது, உள்ளே அவள் கல்லில் உட்கார்ந்து, கிழித்த புடவைத் துணியை முழங்காலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. துணி சற்றுத் தளர்ந்தாலே கால் தனியே ஆடியது.

"அக்கா, என்ன இது?"

"கதவைச் சாத்திட்டுப் போ."

"டாக்டரம்மாகிட்ட காட்டலாம் அக்கா. நான் கூட வரேன்."

"காட்டுனா என்ன சொல்லுவா? ஊட்டுக்குப் போம்பா. இங்க பாரு அம்மிணி, சாதா வாத்திச்சி வேலைன்னா எங்கூருக்குப் பக்கத்துலதான் போடுவாங்க. மறுபடி அண்ணன் ஊடு. டிரில் டீச்சருன்னா இங்கயே ஒரு ரூம்பு குடுத்து இருக்கச் சொல்லுவாங்க. சாகறவரைக்கும் யாரு ஊட்டுத் திண்டியும் திங்க வேண்டியதில்ல. நீ வாயத் தொறந்தீன்னா எல்லாம் போச்சு." துணியின் முனையை உள்ளே செருகினாள். "நானே பாத்துக்கறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் வாழ்க்கை போகும், திறக்காவிட்டால் அவள் கால் போகும். இரண்டில் எதைக் காப்பாற்ற எனக்கு உரிமை இருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் அந்தச் சுண்ணாம்புக் கோடு ஞாபகத்துக்கு வந்தது. பந்து போடுகிறவள் எங்கள் பாதியைவிட்டுப் போகவேண்டியதில்லை. அந்தப் பாதிக்குள்ளும் அவள் ஓடவேண்டாம். நானும் ரோசம்மாவும் அவள் பங்குக்கும் சேர்த்து ஓடுவோம். நாங்கள் பழகிவைத்திருந்த சின்னச் சின்னக் கைமாற்று இதற்குத் தோதாக இருந்தது. பந்தைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டால், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

அவளிடம் சொல்லப் பயமாக இருந்தது. எல்லாரையும் உட்காரவைத்துப் பொதுவாகச் சொன்னேன். "அக்கா வளையத்துக்குக் கீழேயே நிற்கட்டும். உயரமானவங்க அங்கே நின்றால் நமக்கு நல்லது." அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றாள். யாராவது தனக்காக ஒன்றைச் செய்வதை அவள் ஒப்புக்கொண்டு அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கைமண் தட்டுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு பள்ளி ஆட வந்தது. வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு மிஸ்ஸியம்மாவும், பள்ளிப் பெரியவர்கள் வீட்டுப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் மதராஸுக்கு அனுப்புவதை உறுதி செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். காவல்காரர் சுவர்மேல் ஏறின பையன்களைக் கல்லெறிந்து விரட்டிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு ஓடின மாதிரி என் ஆயுளில் நான் ஓடியதில்லை. நான் குட்டை, கொஞ்சம் சதைப்பிடிப்பு வேறு. ரோசம்மா பந்தைப் பிடுங்கிக்கொண்டு வருவாள், என்னிடம் போடுவாள், நான் அவளிடம் போடுவேன், எப்படியாவது ஈரோட்டுப் பெண்களின் கைக்கு அடியில் நுழைந்து அக்காவிடம் சேர்ப்போம். அவள் வாங்கி, ஒரு கணம் நிறுத்தி, போடுவாள். விழும். மறுபடி நாங்கள் ஓடுவோம். மறுபடி விழும். பிற்பாதியில் அவர்கள் மூன்று பேராக அவளை வளைத்துக்கொண்டார்கள். அவள் நகரவில்லை, நின்ற இடத்திலேயே அவர்கள் தலைக்குமேல் கையைத் தூக்கிப் போட்டாள். ஜெயித்தோம். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் வெற்றி. சின்னப் பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டார்கள். யாரையும் தள்ளிவிடாமல் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் சிரித்து நான் பார்த்ததும் அன்றுதான்.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் மிஸ்ஸியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மைதானத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் நின்றிருந்தார். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், புத்தகம் மாதிரியே பேசுவார்.

"நேற்று அவள் ஏன் ஓடவில்லை?"

"அது என் ஏற்பாடு அம்மா. நான்தான் அவளை ஒரே இடத்தில் நிற்கச் சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னாய்?"

வாயைத் திறந்தேன். அவள் சோம்பேறி என்று நினைத்தால் அனுப்பமாட்டார். காலில் அடி என்று சொன்னாலும் அனுப்பமாட்டார். அவளைக் காப்பாற்றுவதற்காக நான் போட்ட ஏற்பாடே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்பது அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. "உயரமாக இருக்கிறாள், அதனால்தான்" என்றேன்.

"முன்பு ஓடிக்கொண்டே போடுவாள். நான் பார்த்திருக்கிறேன்" என்றார் மிஸ்ஸியம்மா. கோபமில்லை. ஒரு பெண்ணை அனுப்பி அக்காவை வரவழைத்தார்.

"மகளே, உன் கால் குணமாகிவிட்டதா?"

"ஆயிருச்சுங்கம்மா."

"அப்படியானால் இந்த மைதானத்தை ஒரு முறை சுற்றி ஓடி வா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "சரிங்கம்மா" என்று புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஓடினாள். முதல் பக்கம் நன்றாகவே ஓடினாள். எனக்குக்கூட ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. வேப்பமரத்தருகே திரும்பும்போது வலது கால் உள்வாங்கி மடிந்தது. விழவில்லை. நொண்டிக்கொண்டே அடுத்த பக்கம் ஓடினாள். மூன்றாவது பக்கத்தில் அது ஓட்டமாக இல்லை. இடது காலால் எம்பி எம்பி, வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தாள். மண்ணில் கோடு விழுந்தது.

"போதும், மகளே, நில்" என்றார் மிஸ்ஸியம்மா. கேட்கவில்லையோ என்னவோ. மிஸ்ஸியம்மா படியில் இறங்கி நின்று, "நில், போதும்" என்று மறுபடி சொன்னார். அக்கா நிற்கவில்லை. சுற்றி முடித்து, கிளம்பின இடத்துக்கே வந்துதான் நின்றாள். மேலுதட்டில் வேர்வை.

"ஓடிட்டனுங்கம்மா."

மிஸ்ஸியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமாம், ஓடிவிட்டாய். வகுப்புக்குப் போ."

அவள் தாழ்வாரத்தில் ஏறி நிமிர்ந்து நடந்தாள். மூலை திரும்பி மறைந்த பிறகு, சுவரில் கை அடித்து ஊன்றுகிற சத்தம் கேட்டது. நான் ஓடப்போனேன். மிஸ்ஸியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போவதை அவள் விரும்பமாட்டாள்" என்றார்.

பிறகுதான் மதராஸுக்கு நான் போகவேண்டும் என்று சொன்னார். நேற்று ஓடிக்கொண்டே இருந்தவள் நான்தான் என்றார். போகமாட்டேன் என்றேன், அக்காவையே அனுப்புங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அங்கே நாள் முழுவதும் ஓடவும் குதிக்கவும் வேண்டும். ஒரு வாரத்தில் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வருத்தத்தையும் நான் அவளுக்குக் கொடுக்கவேண்டுமா? நீயும் போகாவிட்டால் கம்பங்களைப் பிடுங்கிவிடுவார்கள். என்னால் தடுக்கமுடியாது."

அவரிடம் வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

இரண்டு நாள் அக்கா என்னோடு பேசவில்லை. நானும் அவள் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் கிணற்றடியில் துணி துவைக்கும்போது அவளே வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். வலது காலை நேராக நீட்டிக்கொண்டுதான் அவளால் உட்காரமுடிந்தது.

"போகமாட்டேன்னியாம்?"

"ஆமாம்."

"நீ போகாட்டி யாரு போவா? ரோசம்மா சின்னப் புள்ள. கம்பத்தைப் புடுங்கி வெண்டக்கா போட்டுருவாங்க."

"போடட்டும். உங்களுக்கு இல்லாதது எனக்கெதற்கு?"

புடவையை ஓங்கி ஓங்கி அடித்தாள். பிழிந்தாள். உதறினாள். பிறகு சொன்னாள்: "எனக்காவ நீ ஒண்ணும் உடவேண்டாம். அன்னைக்கு நீங்க எல்லாம் எனக்காவ ஓடுனீங்களே, அதே எனக்கு எறங்கமாட்டீங்குது. இதையும் சேத்து வெக்காத."

அவளிடம் நான் அடித்துப் பேசியிருக்கலாம், அழுதிருக்கலாம். எதைச் செய்தாலும் அவள் தலையில் இன்னொரு சுமையாகத்தான் அது போய்ச் சேரும் என்று தெரிந்தது. துவைத்த துணியைக் கூடையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் எழுந்திருக்க நேரமானது. நான் கொடியில் துணி காயப்போடுகிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றேன்.

மதராஸ் போய்ப் படித்துத் திரும்பி வந்து, அந்தப் பள்ளியிலேயே பல வருஷம் டிரில் டீச்சராக இருந்தேன். எங்கள் கட்சி நிலைத்தது. ரோசம்மா பெரியவளாகி நல்ல ஆட்டக்காரியானாள். கம்பத்தை இரும்பில் மாற்றினோம். நான் வந்தபோது அக்கா பயிற்சி முடித்துப் போயிருந்தாள். மலையடிவாரத்தில், அவள் சொன்ன மாதிரியே அண்ணன் ஊருக்குப் பக்கத்தில், ஒற்றை ஆசிரியைப் பள்ளி ஒன்று கிடைத்ததாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தின் பின்னாலேயே ஓர் ஓலைச் சார்ப்பு இறக்கி அதில் தனியாகப் பொங்கித் தின்கிறாள் என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி சொன்னாள். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் கோலை ஊன்றி நடப்பாளாம், பிள்ளைகள் தலை தெரிந்ததும் கோலைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவாளாம். ஒருமுறை பார்க்கக் கிளம்பினேன். ராசிபுரம் வரைக்கும் போனேன். நான் வந்து நின்றால் அவள் எனக்குத் தண்ணீர் சேந்தவும் அடுப்பு மூட்டவும் அந்தக் காலோடு எழுந்திருப்பாள் என்று நினைத்தபோது மேலே போகத் தோன்றவில்லை. அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது ரயில் நிலையத்தில், மதராஸுக்குக் கிளம்பிய அன்று. அப்பாதான் கூட வந்திருந்தார். பெட்டியில் சாமானெல்லாம் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, மேம்பாலப் படிகளில் வெள்ளைப் புடவை இறங்குவது தெரிந்தது. ஊரிலிருந்து நிலையத்துக்கு நல்ல தூரம். ஜட்காவில் வந்தாளா, நடந்தே வந்தாளா என்று தெரியவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினாள். என்னைப் பார்த்ததும் ஒரு கையை எடுத்துவிட்டாள்.

ஜன்னலருகில் வந்து நின்று, ஒரு பொட்டலம் கொடுத்தாள். வறுத்த நிலக்கடலை. "வழியில தின்னு" என்றாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்கவில்லை. ஆனால் கம்பியின்மேல், என் கைக்குப் பக்கத்தில், தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மணி அடித்தது. அப்பா மேம்பாலத்தைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். "வாம்மா, சேர்ந்தே போயிரலாம். படி ஏற என் தோளைப் பிடிச்சுக்க" என்றார்.

"நீங்க முன்னால போங்க ஐயா. நான் பொறவு வாரனுங்க."

அப்பா தயங்கினார், என்னைப் பார்த்தார். போங்கள் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் போய்விட்டார்.

வண்டி நகர்ந்தது. அவள் மேம்பாலத்தின் அடிப்படி வரைக்கும் நடந்து போனாள். கால் நன்றாக இருப்பவள் மாதிரியே நடந்தாள். அங்கே போனதும் திரும்பி, என்னைப் பார்த்து நேராக நின்றாள். ஒரு போர்ட்டர் அருகே வந்து படியைக் காட்டி ஏதோ கேட்டான். அவள் வேண்டாமென்று தலையை அசைத்தாள். அவன் போய்விட்டான். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் படியேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலில் முகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பார்க்கும்போது அவள் ஏறமாட்டாள் என்று தெரிந்தும் கண்ணை எடுக்க என்னால் முடியவில்லை. வண்டி வளைந்து அவள் மறைகிறவரைக்கும், முதல் படியில் அவள் கால் வைக்கவில்லை.